ஆங்கில வாக்கியத்தில் இயைபு: வினையின் வழி, பிரதிப்பெயரின் வழி

‘எவ்ரிஒன் ஹாஸ் தெர் டிக்கெட்’ என்ற ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் ஒன்றுதான். வினையான ‘ஹாஸ்’ அதை ஒருமையாக எடுத்துக்கொள்கிறது. அடுத்து வரும் ‘தெர்’ அதையே பன்மையாக எடுத்துக்கொள்கிறது. எல்லோரிடமும் அவரவர் டிக்கெட் இருக்கிறது என்று சொல்ல ஆங்கிலேயர் இயல்பாகப் பயன்படுத்தும் வாக்கியம் இது. 18ஆம் நூற்றாண்டிலிருந்து இலக்கண நூல்கள் பலவும் இதைப் பிழை என்று எழுதிவந்தன. நம்முடைய இலக்கணப் புத்தகங்களும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் அந்தத் தீர்ப்பை அப்படியே வாங்கிக்கொண்டன: ‘தெர்’ இருக்கும் இடத்தில் ‘ஹிஸ்’ என்று திருத்தினால்தான் மதிப்பெண். ஒரு பெயர்ச்சொல்லுக்கு எண் ஒன்றுதான், அதைத் தொடரும் எல்லாச் சொற்களும் அந்த எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற நம்பிக்கையின் மேல் இந்தத் தீர்ப்பு நிற்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். ஆங்கிலம் பெயரை வினையோடு இணைக்கும் முறை வேறு. பிரதிப்பெயரோடு இணைக்கும் முறை வேறு. அந்தப் பெயருக்கு மொழிச் சமூகம் நிலைப்படுத்தி வைத்திருக்கும் எண்ணை வினை பார்க்கிறது. பேசுகிறவர் அந்த நேரத்தில் மனத்தில் கொண்டிருக்கும் ஆளையோ பொருளையோ பிரதிப்பெயர் பார்க்கிறது. பெரும்பாலான வாக்கியங்களில் இரண்டுக்கும் ஒரே விடை கிடைப்பதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. விடைகள் பிரிகிற இடங்களைத்தான் பிழைப் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறோம்.

முதலில் வினையின் பக்கம் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்ப்போம். வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தார்கள் என்று தமிழில் விகுதியே இடம், எண், பால் மூன்றையும் சொல்லிவிடும். எழுவாயை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும். பழைய ஆங்கிலத்தில் பால் காட்டும் வினைவிகுதி இல்லையென்றாலும், தன்மை, முன்னிலை, படர்க்கை ஒருமைகளுக்குத் தனித்தனி விகுதியும் பன்மைக்கு ஒரு பொது விகுதியும் இருந்தன. பின்வந்த நூற்றாண்டுகளில் அவை தேய்ந்துபோயின. இன்று ‘ஐ சிங்’, ‘யூ சிங்’, ‘வி சிங்’, ‘தே சிங்’ எல்லாம் ஒரே வடிவம். ‘ஷி சிங்ஸ்’ என்ற படர்க்கை ஒருமை நிகழ்காலத்துக்கு மட்டும் ஒரு ‘ஸ்’. இறந்தகாலத்தில் ‘வாஸ்’, ‘வேர்’ இரண்டைத் தவிர வேறுபாடே கிடையாது. ‘கேன்’, ‘வில்’, ‘மஸ்ட்’ போன்ற துணைவினைகள் எந்த எழுவாய்க்கும் மாறுவதில்லை. அந்த ஒற்றை ‘ஸ்’கூட இங்கிலாந்தின் வடபகுதி வழக்கு தெற்கே இறங்கி வந்ததுதான். தெற்கின் பழைய விகுதி ‘எத்’. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிள் ‘எத்’தை விடாமல் பிடித்திருந்தது, அதே காலத்து ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இரண்டும் கலந்து வருகின்றன. வடபகுதிப் பேச்சில் இந்த ‘ஸ்’ நடந்துகொண்ட விதமும் கவனிக்கத் தக்கது. எழுவாய் பெயர்ச்சொல்லாக இருந்தால் பன்மைக்கும் ‘ஸ்’ வரும். ‘தே’ போன்ற பிரதிப்பெயர் வினையை ஒட்டி நின்றால் வராது. ‘பேர்ட்ஸ் சிங்ஸ்’ என்பார்கள், ஆனால் ‘தே சிங்’. மொழியியலாளர் ‘வடபகுதி எழுவாய் விதி’ என்று அழைக்கும் இந்த வழக்கில் பெயர்ச்சொல் எழுவாயின் எண்ணை விகுதி கணக்கில் கொள்வதே இல்லை. எழுவாய் எந்த வகைச் சொல், எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. வினைவிகுதி உலகத்திலுள்ள ஆட்களை எண்ணிச் சொல்லும் கருவி என்ற எண்ணம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

பிரதிப்பெயரின் வரலாறு இதற்கு எதிர்த்திசையில் போகிறது. பழைய ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு இலக்கணப் பால் உண்டு. ‘வீஃப்’ என்ற சொல்லுக்குப் பெண் என்று பொருள். இலக்கணப்படி அது ஆண்பாலும் அல்லாத பெண்பாலும் அல்லாத மூன்றாம் பால். ‘வீஃப்மன்’ என்ற சொல்லுக்கும் பெண் என்றே பொருள். இலக்கணப்படி அது ஆண்பால். முன்னால் நிற்கும் சுட்டும் அடைமொழியும் அந்த இலக்கணப் பாலுக்குக் கட்டுப்பட்டன. ஆனால் சற்றுத் தள்ளி அதே பெண்ணைக் குறிக்கும் பிரதிப்பெயர் வரும்போது, பெரும்பாலும் ‘அவள்’ என்ற பொருளுடைய வடிவமே வந்தது. அருகிலிருப்பது வடிவத்தைப் பார்க்க, தள்ளியிருப்பது பொருளைப் பார்த்தது. பெயர்ச்சொற்களின் இலக்கணப் பால் பிற்பாடு மறைந்துபோனது. இன்றைய ஆங்கிலத்தில் பால் தங்கியிருக்கும் முக்கிய இடம் ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ என்ற மூன்று பிரதிப்பெயர்கள்தான். அதுவும் பேசுகிறவரின் நிலையைப் பொறுத்தது. நாயை வளர்ப்பவர் ‘ஹி’ என்பார், தெருவில் கண்டவர் ‘இட்’ என்பார். லண்டனில் 1734இல் தொடங்கிய கப்பல் துறை இதழான ‘லாயிட்ஸ் லிஸ்ட்’ நீண்ட காலம் கப்பலை ‘ஷி’ என்றே எழுதிவந்து, 2002இல் ‘இட்’ என்று மாற்றிக்கொண்டது. ஓர் ஆசிரியர் குழு கூடி முடிவெடுத்ததும் பிரதிப்பெயர் மாறிவிட்டது. ‘தி ஷிப் செயில்ஸ்’ என்பதிலுள்ள ‘ஸ்’ஸை அப்படி முடிவெடுத்து மாற்ற எந்த ஆசிரியர் குழுவாலும் முடியாது.

இந்த அருகு–தொலைவு வேறுபாட்டை ஒரு பொதுவிதியாக வகுத்தவர் பிரிட்டிஷ் மொழியியலாளர் கிரெவில் கார்பெட். 1979இல் அவர் முன்வைத்த ‘இயைபுப் படிநிலை’ பெயரைச் சார்ந்து வரும் சொற்களை வரிசைப்படுத்துகிறது: பெயரோடு ஒட்டி நிற்கும் அடை, பிறகு பயனிலை, பிறகு ‘ஹூ’, ‘விச்’ போன்ற இணைப்புப் பிரதிப்பெயர், கடைசியில் ‘இட்’, ‘தே’ போன்ற மூவிடப்பெயர். இந்த வரிசையில் வலப்பக்கம் போகப்போகப் பொருள்வழி இயைபுக்கு வாய்ப்புக் கூடுமே தவிரக் குறையாது என்பது விதி. பல மொழிகளின் சான்றுகளைக் கொண்டு அவர் இதை நிறுவினார் என்றாலும், ‘கமிட்டி’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். ‘திஸ் கமிட்டி’ என்று மட்டுமே சொல்ல முடியும். ‘தீஸ் கமிட்டி’ என்று பிரிட்டனில்கூட யாரும் சொல்வதில்லை. பயனிலைக்கு வந்தால் ‘தி கமிட்டி ஹாஸ்’, ‘தி கமிட்டி ஹாவ்’ இரண்டும் பிரிட்டனில் வழங்கும். அடுத்த படியில் ‘விச்’, ‘ஹூ’ இரண்டும் வரும். கடைசிப் படியில் ‘இட்’டும் வரும், ‘தே’யும் வரும், அந்தத் ‘தே’, குழுப்பெயருக்குப் பன்மை வினை போடத் தயங்கும் அமெரிக்கரின் வாயிலும் தாராளமாக வரும். ‘தி கமிட்டி ஹாஸ் மெட், அண்ட் தே ஹாவ் டிசைடட்’ என்ற வாக்கியம் எந்த அமெரிக்கச் செய்தியறையிலும் காதில் விழக்கூடியது. ‘எவ்ரிஒன் ஹாஸ் தெர்’ இதே அச்சில் வார்த்ததுதான்: அருகிலுள்ள வினை ஒருமை, தள்ளியுள்ள பிரதிப்பெயர் பன்மை. இது தலைகீழாக நடப்பதில்லை. ‘தி கமிட்டி ஹாவ் மெட், அண்ட் இட் ஹாஸ் டிசைடட்’ என்பது பிரிட்டிஷ் காதுக்கும் உறுத்தும். கவனக்குறைவால் நேரும் பிழை என்றால் இரண்டு பக்கமும் சமமாக நேர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாய்கிறது என்றால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

குழுப்பெயரைப் பற்றி நம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் விதி வேறு மாதிரி. குழுவை ஒரு முழுமையாக நினைத்தால் ஒருமை வினை, உறுப்பினர்களாக நினைத்தால் பன்மை வினை என்று அது சொல்லும். கேட்க நியாயமாக இருக்கிறது. என் வாதத்துக்கு இது நேர் எதிர்ப்பும்கூட. நினைப்பைப் பொறுத்து வினை மாறும் என்றால் வினையும் பொருளைத்தானே பார்க்கிறது? ஆனால் இந்த விதி சரியாக இருந்தால், ‘தி டீம் ஆர்’ என்று சாதாரணமாகச் சொல்லும் பிரிட்டிஷார் அணியைப் பதினொரு பேராகவும், ‘தி டீம் இஸ்’ என்னும் அமெரிக்கர் ஒரே அமைப்பாகவும் பார்க்கிறார்கள் என்றாகிவிடும். கேத்ரின் பாக் தலைமையிலான ஆய்வுக் குழு 2006இல் ‘லாங்வேஜ்’ ஆய்விதழில் இதைச் சோதித்து எழுதியது. எழுத்துத் தொகுப்புகளையும் பேச்சுச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்து அவர்கள் வந்த முடிவு, குழுவை ஒன்றாகவோ பலவாகவோ உணர்வதில் இரு நாட்டாருக்கும் வேறுபாடு இல்லை என்பதுதான். அந்தச் சொற்களுக்கு அகராதிபோல மனத்தில் பதிந்திருக்கும் எண்ணே வேறு. ஆக, பிரிட்டிஷாரின் ‘ஆர்’ பேசும் கணத்தில் பிறக்கும் நினைப்பல்ல. அவர்கள் வழக்கில் சொல்லோடு சேர்ந்து வருவது. அதற்கு எல்லைகளும் உண்டு. அறைக்குள் ஒரு குழு இருக்கிறது என்று சொல்லும்போது ‘தேர் இஸ் எ கமிட்டி’ என்றுதான் பிரிட்டிஷாரும் தொடங்குவார்கள். காட்டை எத்தனை மரங்களாக நினைத்தாலும் ‘தி ஃபாரஸ்ட் ஆர்’ என்று சொல்ல மாட்டார்கள். நினைப்பே வினையைத் தீர்மானிக்கிறது என்றால் இந்தத் தடைகளுக்கு வேலையே இல்லை.

ஒரு சொல்லின் எண் எப்படி நிலைப்படுகிறது, எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் பெயரே சான்று. 1787இல் எழுதிய அரசியல் சாசனத்தில் தேசத் துரோகத்தை வரையறுக்கும் பிரிவு, ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்பதைப் பன்மைப் பிரதிப்பெயரால் சுட்டுகிறது: ‘தெம்’, ‘தெர்’. அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தமும் ‘தெர்’ என்றே சொல்கிறது. மூன்றே ஆண்டுகள் கழித்து வந்த 14ஆவது திருத்தம் ஆள்வரையைப் பற்றிப் பேசும் அதே போன்ற இடத்தில் பிரதிப்பெயரை வைக்காமல், ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவான ‘தேர்ஆஃப்’ என்ற சொல்லை வைத்திருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு ‘ஆர்’ போய் ‘இஸ்’ வந்துவிட்டது என்று பரவலாக ஒரு கதை சொல்வார்கள். நாட்டுப்பற்றுக்கு அது இனிப்பான கதை. ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பார்த்தால் போருக்குப் பின் பல பத்தாண்டுகள் பன்மை வழக்கு தொடர்ந்திருக்கிறது. மக்கள் மனத்தில் நாடு ஒன்றாகிவிட்டாலும் வினை உடனே பின்தொடரவில்லை. ‘ஸ்டேட்ஸ்’ என்ற பன்மை வடிவம் ஒரு தனிப்பெயராக இறுகிப்போன பிறகுதான் ‘இஸ்’ நிலைத்தது. ‘நெதர்லாண்ட்ஸ்’, ‘பிலிப்பைன்ஸ்’, ‘நியூஸ்’, ‘மேதமேடிக்ஸ்’ எல்லாம் இந்த வழியில் ஒருமையானவை. வினை பொருளுக்குச் செவிசாய்ப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘டென் மைல்ஸ் இஸ் எ லாங் வாக்’ என்பதில் பத்து மைல் ஒரே தூரமாகிவிடுகிறது. ஆனால் அளவுகளை அப்படி ஒன்றாக்குவதும் எல்லோரும் ஒப்புக்கொண்ட மரபு. தனியொருவர் விரும்பி மாற்றும் வசதி அங்கே இல்லை.

வினை வடிவத்தோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது என்பதை, அது வழிதவறும் விதமே காட்டிக்கொடுக்கிறது. ‘தி கீ டு தி கேபினெட்ஸ்’ என்ற தொடக்கத்தைக் கொடுத்து வாக்கியத்தை முடிக்கச் சொன்னால், அலமாரிகளின் பன்மையில் தடுக்கி ‘ஆர்’ என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. திறவுகோல் ஒன்றே என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாக்கும் கேரல் மில்லரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஈர்ப்பை முறையாக ஆராய்ந்தது. ஒருமை எழுவாய்க்குப் பின்னால் பன்மைப் பெயர் வந்தால் தடுக்கல் நேர்கிறது; பன்மை எழுவாய்க்குப் பின்னால் ஒருமைப் பெயர் வந்தால் அநேகமாக நேர்வதில்லை. ‘ஸ்’ என்ற குறியேற்ற பன்மைதான் வினையை இழுக்கிறது. பக்கத்தில் இருக்கும் பெயர் இழுக்கிறது என்று இலக்கண நூல்கள் சொல்லும் அருகாமைக் கொள்கையும் முழுக்கச் சரியல்ல. இரண்டு பெயர்கள் குறுக்கே நிற்கும் நீண்ட எழுவாய்களைக் கொண்டு ஜூலி ஃபிராங்கும் சக ஆய்வாளர்களும் 2002இல் சோதித்தபோது, வினைக்கு மிக அருகில் இருந்த பெயரைவிட, வாக்கியக் கட்டமைப்பில் எழுவாயின் மையமான தலைப்பெயருக்கு நெருக்கமாக இருந்த நடுப்பெயரே அதிகம் இழுத்தது. பேசுகிறவர் சொற்களை வரிசையாக எண்ணுவதில்லை. கட்டமைப்பின் கிளைகள் வழியாகத் தேடுகிறார். பாக், எபர்ஹார்ட், கட்டிங் மூவரும் 2004இல் வினையையும் பிரதிப்பெயரையும் ஒப்பிட்டு எழுதிய ஆய்வு இந்த விவாதத்துக்கே மையமானது. இப்படிப்பட்ட பக்கத்து ஈர்ப்புக்கு இரண்டும் ஆளாகின்றன. ஆனால் குழுப்பெயர் போலச் சொல்லின் எண்ணும் பொருளின் எண்ணும் பிரியும் இடத்தில், பிரதிப்பெயர் வினையைவிடத் தெளிவாகப் பொருளின் பக்கம் சாய்கிறது. கார்பெட் பல மொழிகளின் இலக்கணத்தில் கண்டதும், இவர்கள் பேசுபவர் வாயில் கண்டதும் ஒன்றாகப் பொருந்துகின்றன.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். வினையின் ‘ஸ்’ அவ்வளவு வெறும் வடிவம் என்றால் அது எதற்கு, விட்டுவிட்டால் என்ன குறை? கேள்வி நியாயமானதே. கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் பகுதிகளில் ‘ஷி கோ’ என்பது நெடுங்காலப் பேச்சுவழக்கு. ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆங்கிலத்திலும் இந்த ‘ஸ்’ பெரும்பாலும் வருவதில்லை. இரண்டு சமூகமும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் திண்டாடவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளே மூன்று, நான்கு வயதில் ‘ஸ்’ஸைச் சொல்லத் தொடங்கினாலும், பெயரின் பன்மை காதில் விழாதபடி வாக்கியத்தை அமைத்து வினையின் ‘ஸ்’ மட்டும் கேட்கும்படி செய்தால், ஒன்றா பலவா என்று சொல்லத் திணறுகிறார்கள். ஐந்தாறு வயதில்தான் அந்தத் திறன் வருகிறது என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இவ்வளவும் என் வாதத்துக்கு வலுவே சேர்க்கின்றன: ‘ஸ்’ செய்தி சொல்வதற்காக அங்கே இல்லை, எழுவாய் எது என்ற கட்டமைப்புக்கு அடையாளமாக நிற்கிறது. ஆனால் இதிலிருந்து மாணவர் அதைப் புறக்கணிக்கலாம் என்று முடிவு கட்டக் கூடாது. பொதுத்தர ஆங்கிலத்தில் அந்த ‘ஸ்’ கட்டாயம். அதை விட்டவரைப் படிக்காதவர் என்று வேலைக்கான நேர்முகத்தில் உட்கார்ந்திருப்பவர் எடைபோட்டுவிடுகிறார். அது அநியாயம்; ஆனாலும் நடக்கிறது. வினையில் கண்டிப்பு இருக்கட்டும். பிரதிப்பெயரில் அதே கண்டிப்பைக் காட்டுவதுதான் மொழி அறியாத செயல்.

ஒருமை எழுவாய்க்குத் ‘தே’ போடுவது 14ஆம் நூற்றாண்டு எழுத்திலேயே இருக்கிறது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் அப்படி எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆன் ஃபிஷர் போன்ற இலக்கண ஆசிரியர்கள் ஆண்பால் வடிவமே இருபாலுக்கும் பொது என்று எழுதத் தொடங்கினர். 1795இல் வெளிவந்து இரு கண்டங்களிலும் பள்ளிகளை ஆண்ட லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம், ஒருமைத் ‘தே’யைப் பிழை வாக்கியங்களின் கூட்டத்தில் சேர்த்தது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டமொன்று, சட்டங்களில் வரும் ஆண்பால் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்றது. இந்தியாவின் 1897ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டத்திலும் அதே ஏற்பாடு இருக்கிறது. அது உண்மையிலேயே பொதுவாக இருந்ததா? 1867ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தில் உள்ள ‘மேன்’ என்ற சொல்லில் தாங்களும் அடக்கம் என்று மான்செஸ்டர் பெண்கள் வழக்குப் போட்டபோது, 1850ஆம் ஆண்டுச் சட்டம் கண்முன் இருந்தும், வாக்குரிமை அவர்களுக்கு இல்லை என்று 1868இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்பால் சொல் சுட்டும் ஆள் யார் என்பதைச் சட்டப் பிரிவால் நிர்ணயிக்க முடியவில்லை. ‘ஹிஸ்’ என்றால் கேட்பவர் மனத்தில் ஆண்தான் வந்து நிற்கிறான் என்பதே, பேசுகிறவர்கள் இலக்கணக்காரர் சொல்லைக் கேளாமல் ‘தெர்’ரை விடாது பிடித்திருந்ததற்குக் காரணம். இப்போது அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு எழுத்து வழிகாட்டி அதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஒருவரைப் பன்மையால் சுட்டினால் குழப்பம் வராதா என்று கேட்பவர்கள் ‘யூ’வின் கதையைப் பார்க்க வேண்டும். அது பிறப்பில் பன்மை. மரியாதையின் பொருட்டு ஒருவருக்கு வழங்கி, கடைசியில் ‘தௌ’ என்ற ஒருமையையே பொதுவழக்கிலிருந்து தள்ளிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஒருவரைக் குறிக்க ‘யூ வாஸ்’ என்று வினையை ஒருமையாக்கிப் பார்த்தார்கள்; பொருளுக்கு அதுதான் பொருத்தம். 1762இல் ராபர்ட் லௌத் தம் இலக்கணத்தில் அதைக் கண்டித்தார். பொதுத்தர வழக்கில் ‘யூ வேர்’ வென்றது. இன்று ஒருவரைத் ‘தே’ என்னும்போதும் வினை ‘ஆர்’தான். பிரதிப்பெயர் பொருளுக்காக இடம் மாறினாலும் வினை அதன் வடிவத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. தமிழருக்கு இதில் வியப்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. ‘அவர் வந்தார்’ என்பதில் நாம் செய்வதும் இதுவே. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் இந்த வழக்கை எடுத்துப் பேசுகிறது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கணத்தின் நேர்நெறி அன்று என்று பதிவுசெய்து, அந்த வழக்கை வழக்காகவே இருக்க விடுகிறது. வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்று அறைகள் வைத்திருந்த மரபில் வந்தவர்கள், ஆங்கிலத்துக்கு மட்டும் சரி, தவறு என்று இரண்டே அறை வைத்துப் பாடம் நடத்துவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வகுப்பறையில் இதனால் மாற வேண்டியது கொஞ்சம்தான். தமிழ் மாணவருக்கு எல்லாச் சுமையையும் வினையில் ஏற்றிப் பழக்கம். ஆங்கிலத்தில் வினை சுமப்பது ஒரு ‘ஸ்’ மட்டுமே. ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்ற செய்தியின் பெரும்பங்கைப் பிரதிப்பெயர் சுமக்கிறது. ஆகவே வினைக்குத் தலைப்பெயரைக் கண்டுபிடிக்கும் பயிற்சி வேண்டும்: ‘தி கீ டு தி கேபினெட்ஸ்’ என்பதில் எது தலை என்று கேட்டுக் கேட்டுப் பழக்க வேண்டும். பிரதிப்பெயருக்கு, யாரைச் சொல்கிறாய் என்று கேட்டால் போதும். தேர்வில் ‘எவ்ரிஒன் ஹாவ்’ என்று எழுதியவருக்கு மதிப்பெண் குறையலாம். ‘எவ்ரிஒன் ஹாஸ் தெர்’ என்று எழுதியவருக்குக் குறையக் கூடாது. படிநிலையின் நடுவில் நிற்கும் ‘ஹூ’ தனிக் கவனம் கேட்கிறது. ‘ஷி இஸ் ஒன் ஆஃப் தோஸ் டீச்சர்ஸ் ஹூ’ என்று தொடங்கினால் அடுத்த வினை ‘ரீட்’டா, ‘ரீட்ஸ்’ஸா? கட்டமைப்பு ‘டீச்சர்ஸ்’ என்ற பன்மையைக் காட்டுகிறது. பேசுகிறவர் மனம் அந்த ஒரு பெண்ணிடம் இருக்கிறது. நல்ல எழுத்தாளர்கள் இரண்டையும் எழுதியிருக்கிறார்கள். வினாத்தாள் தயாரிப்பவர்கள் இந்தக் கேள்வியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைக்கலாம்.